அப்பா இருக்கிற தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை, வளைகுடாவில் முவைலா தொழிலாளர் முகாமின் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். லேப்டாப்பின் சொந்தக்காரன் பாண்டித்துரை, கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல். வீரபாண்டி மேல் கட்டிலில், காலைத் தொங்கவிட்டபடி. அம்மையப்பன் கீழ்க் கட்டிலின் விளிம்பில், மடியில் தன் கல்யாண டிவிடியுடன்.

அதை ஊரிலிருந்து கொண்டுவந்தவர் லுக்மான் பாய். தொண்டிக்காரர்; துணி வியாபாரத்துக்காக மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருபவர். ட்யூட்டி பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் அதை நீட்ட, அம்மையப்பன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பார்த்தான். மனைவி வடிவின் கையெழுத்து: 'பத்திரம். அப்பா இருக்கிறார்.'

வடிவின் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் நடப்பதும் பேசுவதும், அம்மையப்பனுக்குத் தெரிந்து, இந்த ஒரு தட்டில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வருஷத் திதி. அதற்குள் இதைச் சின்ன ஃபைலாக்கி அவள் போனுக்கு அனுப்பத்தான் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

பக்கத்து அறையில் டிவிடி டிரைவ் இரவல் கிடைத்தது.

"லேப்டாப்புல எடமில்ல, மாப்ள," என்றான் பாண்டித்துரை. "உன் போனைக் கோத்து அதுல எறக்குவோம்."

போனிலும் இடமில்லை. வடிவு அனுப்பி, தானாக இறங்கி, திறக்காமலே கிடந்த வீடியோக்கள் அறுபத்தொன்று.

"ஒண்ணு கூடவா பாக்கல?"

"ட்யூட்டி முடிஞ்சு வந்தா கண்ணு சொருகுது. பிள்ளை ஆடுறது, ஆடு குட்டி போட்டது... என்னத்தப் பாக்க? 'சூப்பர்'னு போட்டுருவேன். அவளுக்கும் சந்தோசம்."

அறுபத்தொன்றையும் அழித்தார்கள்.

மூன்று மணி நேரம் ஓடி ஃபைல் வந்தது. மாமனார் ஆசீர்வாதம் செய்யும் இடம். வேட்டி தெரிந்தது. வேட்டிக்கு மேலே நாலு கட்டங்கள்.

"இதுல உன் மாமனாரு யாரு?" என்று மேலிருந்து எட்டிப் பார்த்தான் வீரபாண்டி.

"அந்த மாநிறக் கட்டம்."

"ரொம்ப நசுக்கிட்டேன் போல," என்றான் பாண்டித்துரை. "கொஞ்சம் தளர்த்தி மறுபடி போடுறேன்."

இரண்டாம் முறை முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது. தட்டில் கீறல்.

வீரபாண்டி கட்டிலிலிருந்து குதித்தான். "பல்லு வெளக்குற பேஸ்ட் குடு. எங்கூரு டிவிடி கடையில இதான் வைத்தியம்."

தேய்த்தான். கழுவினான். துண்டால் அழுத்தித் துடைத்தான். துண்டில் சைட் மணல் இருந்தது. இருந்த ஒரு கீறலுக்குத் துணையாக இருபது கீறல் வந்தன. அதற்குப் பிறகு தட்டை உள்ளே போட்டால், தட்டைப் போடு என்றே கேட்டது லேப்டாப்.

"சரி விடு," என்றான் அம்மையப்பன். "அந்தக் கட்டம் கட்டமா இருக்கறதயாவது அனுப்புறேன்."

பாண்டித்துரை வாளியை விட்டு எழுந்து தள்ளி நின்றுகொண்டான். "ரெண்டாவதையும் அதே பேர்லதான் மாப்ள போட்டேன். பழசு மேலயே ஏறிருச்சு."

"அப்படின்னா?"

"மாஃபி. ஒண்ணும் இல்ல."

அம்மையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். போன வருஷம் செத்த மனிதரைத் தன் கையாலேயே மறுபடியும் சாகடித்தாயிற்று. அந்த மனிதர் இவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

இதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் கற்ற முறைப்படி அனுப்புநர், பெறுநர் எழுதினான். 'பொருள்: டிவிடி அழிந்தமை தொடர்பாக.' பேஸ்ட், துண்டு, மணல் எதையும் மறைக்கவில்லை. கடைசியில் ஆறுதலுக்கு ஒரு வரி சேர்த்தான்: 'எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைக்காதே. நீ அனுப்பும் ஒவ்வொரு வீடியோவையும் வந்த உடனே முழுவதும் பார்க்கிறேன்.'

அந்த வரியை இரண்டு முறை படித்தான். கொஞ்சம் தெம்பு வந்தது. உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினான்.

மறுநாள் லுக்மான் பாய் ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட் வேனின் ஜன்னல் வழியாகக் கடிதத்தைக் கொடுத்தான். "வடிவு கையில குடுங்க பாய். வேற யார்ட்டயும் வேணாம்."

"இன்ஷா அல்லாஹ், நாளைக்கே குடுத்துருவேன்," என்று சட்டைப் பையில் வைத்துத் தட்டிக் காட்டினார் பாய். வேன் நகர்ந்தது. அப்போதுதான் ஏதோ நினைவு வந்தவராகத் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"அன்னைக்கு நீ ஓடிட்ட, சொல்ல விட்டுப்போச்சு தம்பி! தட்டு சும்மா உங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்னுதான் குடுத்துச்சு. அந்தக் கல்யாண வீடியோவ வடிவு தங்கச்சி போன மாசமே சின்னதாக்கி உன் போனுக்கு அனுப்பிருச்சாம். 'அப்பா பேசுறதைப் பாத்து அழுகையா வருது'ன்னு எழுதுனதுக்கு நீ 'சூப்பர்'னு போட்டியாம்ல!"