களவா மீனின் தலை

"அபெனிசா, குளிர்பெட்டியில இருந்த களவா எங்கே?"

ஆய்வுக்கூட உதவியாளன் அபெனிசாவுக்குத் தரையைத் துடைப்பதில் திடீரென்று அக்கறை வந்திருந்தது.

விரிவுரையாளர் லிட்டியானா வெறும் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தாள். நார்வேயிலிருந்து பேராசிரியர் தோருன் நேற்றே தீவுத் தலைநகர் சுவாவில் வந்திறங்கிவிட்டார். இன்று மதியம் அவளுடைய வகுப்பைப் பார்க்கப்போகிறார். மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, வளையங்களை எண்ணி வயது சொல்லும் பாடம். பிடித்துப்போனால் இரு நாட்டுக் கூட்டுப் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் அவள் மாணவர்கள் நார்வேக் கடலைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க. தேங்காப்பால் ஊத்தி ஆக்கிட்டோம்," என்றான் அபெனிசா. "நீங்க எனக்குத் தௌவு. கோபப்படக் கூடாது."

அதுதான் வினை. அவன் ஊரும் இவள் ஊரும் ஒரே குலதெய்வத்தின் வழி வந்த தௌவு ஊர்கள். ஒருவர் பொருளை மற்றவர் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் சிரிக்கத்தான் வேண்டும். லிட்டியானா பல்லைக் கடித்தபடி சிரித்துவைத்தாள்.

சந்தைக்கு ஓடினாள். ஒரே ஒரு களவா மிச்சமிருந்தது. காசை வாங்கிக்கொண்ட மீன்காரி, "எந்த ஊரும்மா?" என்றாள். லிட்டியானா யோசிக்காமல் சொல்லித் தொலைத்தாள்.

"அட, நம்ம தௌவு!" கத்தி இறங்கியது. "தலை எனக்கு. உடம்பை நீ வெச்சுக்க!"

"ஐயோ அக்கா, எனக்குத் தலைதான் வேணும்!"

"விவரமானவதான் நீ. ருசியே அங்கதானே இருக்கு!"

டாக்சியில் அவள் புலம்பியதைக் கேட்டு ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அந்தத் தௌவு ஊர்க்காரராம். இறங்குவதற்குள் நடுத்துண்டும் போய்விட்டது.

வகுப்பில், மேசைமேல் வால் மட்டும் கிடந்தது. தோருன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"தலை எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

லிட்டியானா உள்ளதைச் சொல்லிவிட்டாள். "மன்னிக்கணும். எங்க முறை அப்படி. கோபப்படக்கூட முடியல." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூலையில் அபெனிசா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவனை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம் போலிருந்தது.

தோருன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு வெள்ளைக் காதுக்கற்கள் மேசைமேல் விழுந்தன. பிறகு, அபெனிசாவின் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்:

"கோபப்படாத, தௌவு. நான் இங்க படிக்க வந்த காலத்துலயே அபெனிசா வீட்டுல என்னை மகளா எடுத்துக்கிட்டாங்க. நேத்து உன் மீன் தலையைத் தின்னதே நான்தான்!"