ஏழாம் பாகம் முடியுமுன் எழுந்தவன்

இக்குறிப்பை நான் எழுதியே ஆகவேண்டிய நிலை வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், பாதுகாப்பு நாளன்று எனக்கு நேர்ந்த அவமானம் காலைத் தொடர்வண்டியில் இன்றும் பேசப்படுகிறது. பேசப்படுவதில் எனக்கு வருத்தமில்லை. பேசப் பேச அது வளர்கிறது என்பதே வருத்தம். முதல் வடிவத்தில் நான் மேடையில் திகைத்து நின்றேன். இரண்டாம் வடிவத்தில் மயங்கி விழுந்தேன். அண்மையில் ஆரம்பாக்கத்து உறவினர் ஒருவர் சொன்ன வடிவத்தில், அழுதுகொண்டே ஆலையின் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்து ஓடியிருக்கிறேன். (எனக்கு முழங்கால் வலி. மாடிப்படியே ஏறமாட்டேன்; சுவரேறுவதாவது!) ஆகவே, இடைச்செருகல்களை நீக்கி மூலபாடத்தை நிலைநாட்டுவது என் கடனாகிறது.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடந்த அனைத்துக்கும் காரணம் என் பொறாமை. அழுக்காறு என்று எழுதினால் சற்றுக் கண்ணியமாக ஒலிக்கும். எனக்கு இருந்தது அத்துணைக் கண்ணியமானதன்று.

அவ்வாலையின் பணியாளர் பிரிவில் நான் அலுவலனாக இருந்தேன். தமிழில் முதுகலை கற்றவன் என்பதால் ஆலையின் அறிவிப்புப் பலகைகள் யாவும் என் கையெழுத்தில் அமைந்தவை. காலை வேலை தொடங்குமுன் தொழிலாளர்களுக்குப் பத்து நிமிடம் பாதுகாப்பு உரை ஆற்றும் பொறுப்பும் என்னுடையதே. சரக்கு அடுக்கும் மரத்தட்டு ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று பேசுவேன். பதினேழு ஆண்டுகள் அம்மரத்தட்டு என் அரியணை. "தலைக்கவசம் தலைக்கு அணியன்று, அரண்" என்று தொடங்கினேனாயின், முன்வரிசையில் நிற்போர் கண்களை மூடித் தலையை மெல்ல அசைப்பர். சுவைத்துக் கேட்கிறார்கள் என்றே நம்பினேன். (உறங்கிக்கொண்டிருந்தார்கள். நின்றபடி உறங்கும் கலையை அவ்வாலைக்கு அளித்தவன் நான்.)

இடக்கண்ணில் புரை அறுவை செய்துகொண்டு மூன்று வாரம் விடுப்பில் இருந்தேன். அந்நாள்களில் என் இடத்தில் பேசுமாறு மேலாளர் பணித்தது சூசையை. ஆரம்பாக்கத்துக்காரர், கிரேன் இயக்குபவர். கூரையடியில் ஒரு சிறு கூண்டில் அமர்ந்து, கனத்த இரும்புக் கட்டிகளை அனைவரின் தலைக்கும் மேலாகக் கொண்டுபோய் இறக்குபவர். மேடைப்பேச்சு அறியாதவர். அவர் கற்றிருந்ததெல்லாம் தமிழ்க்குரல் கொடுத்து வெளியாகும் அயல்நாட்டு அதிரடிப் படத் தொடர் ஒன்றுதான். அதுவரை ஆறு பாகங்கள் வந்திருந்தன. ஆறும் அவருக்கு மனப்பாடம்.

விடுப்பு முடிந்த காலையில், எனக்காக ஏங்கியிருப்பார்களே என்னும் இரக்கத்தோடு சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். கூட்டம் எனக்கும் முன்னதாகக் கூடியிருந்தது. சிப்பம் கட்டும் பிரிவின் கோட்டீஸ்வரி, தின்று முடிக்காத இட்லிப் பொட்டலத்தோடு முன்வரிசையில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டீங்க? கண்ணு நல்லா ஆறட்டும் சார். இன்னும் ஒரு வாரம் ஊட்ல இருங்க. பெரியண்ணன் கப்பல்ல மாட்டிகினு கீறாரு."

எந்தப் பெரியண்ணன் என்று கேட்டேன். படத்தின் நாயகனை அவர்கள் அவ்வாறு அழைப்பார்களாம். அவனுடைய உற்ற நண்பன் ஒருவன் உண்டாம். அவன் பெயர் தாடிக்காரன். நேற்று இருவரையும் கப்பலில் விட்டுவிட்டுச் சூசை உரையை முடித்திருக்கிறார். மீதியைக் கேட்கவே அவர்கள் கவரைப்பேட்டையிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் ஒரு வண்டி முன்னதாகப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகளில் என் சொல்லமுதுக்காக எவரும் ஒரு நிமிடம் முன்னதாக வந்ததில்லை.

அன்று நான் மரத்தட்டில் ஏறவில்லை. பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பவன்போலக் கடைசி வரிசையில் நின்றேன். சூசை கையை மேலே தூக்கித் தொங்கிக் காட்டினார். "பெரியண்ணன் கொக்கிய புடிச்சிகினு தொங்குறாரு. கீய தாடிக்காரன் நின்னுகினு கீறான். இதுல இன்னா தப்பு, சொல்லு." கூட்டம் முழுவதும் விழித்துக்கொண்டு தப்புகளை அடுக்கியது. பெரியண்ணன் பெல்ட் அணியவில்லை, பாரத்துக்கு அடியில் ஆள் நிற்கிறான், கையுறை இல்லை, கிரேன்காரருக்குக் கைச்சாடை காட்ட எவரும் இல்லை. "கரெக்ட்டு. நாளிக்கி கப்பல் வெடிக்கும். வேலைக்குப் போங்க" என்று இறங்கிவிட்டார்.

நான் ஐந்தாண்டு கெஞ்சியும் தலைக்கவசத்தைக் காய்கறிக் கூடையாக மட்டுமே பயன்படுத்திவந்த கம்பி வெட்டுபவர் ஒருவர், அன்று அதைத் தலையில் அணிந்து நின்றார். ஒரு தலை காக்கப்பட்டதே என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது.

வீட்டில் ஒரு வாரம் சூசையின் குறைகளையே பேசினேன். அவருக்கு எழுவாய் பயனிலை தெரியாது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கையை மிகையாக ஆட்டுகிறார். என் மனைவி மரகதம் பொறுத்துப் பார்த்தார்.

"அந்தாளு பேர ஒரு நாளைக்கு எத்தினி தபா சொல்றீங்க, தெரியுமா? கண்ணாலம் ஆன புதுசுல என் பேர கூட இத்தினி தபா சொன்னதில்ல."

இதற்கிடையில் மேலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். திங்களன்று வரும் பாதுகாப்பு நாள் விழாவில் நாங்கள் இருவரும் பேசுவது; சிறப்பு விருந்தினராக வரும் ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மையார் எவர் உரை சிறந்தது என்பாரோ, இனி மரத்தட்டு அவருக்கே. என் பதினேழாண்டு அரியணை பத்து நிமிடப் பேச்சில் தொங்கியது.

அவ்வமயம் பார்த்துத் தொடரின் ஏழாம் பாகம் வெள்ளிக்கிழமை வெளியானது. என் உள்ளத்தில் ஒரு கரிய ஒளி உதித்தது. சூசை பார்க்குமுன் நான் பார்த்து, அவருடைய படைக்கலத்தாலேயே அவரை வீழ்த்தினால் என்ன? சனியும் ஞாயிறும் சூசைக்கு இரட்டை வேலை விழுந்திருந்ததால் அவரால் திரையரங்குப் பக்கமே போக இயலாது. (வேலை அட்டவணையை எழுதியவர் எவர் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். நான்தான்.)

கும்மிடிப்பூண்டியில் பார்த்தால் எவர் கண்ணிலாவது படுவேன். திரைப்படம் என்பதே நேரக்கேடு என்று மரத்தட்டில் நின்று பலமுறை முழங்கியவன் நான். எனவே ஞாயிறன்று, மாவட்ட நூலகத்தில் ஒரு நூலைப் பார்க்கவேண்டும் என்று மரகதத்திடம் கூறிவிட்டு, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குப் பேருந்தேறினேன். மாறுவேடமாக, அறுவைக்குப் பின் மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டேன். அதைப் படம் முடியும்வரை கழற்றவில்லை. ஆதலால் அப்படத்தின் பெரும்பகுதியை நான் இருளின்மேல் இருளாகவே கண்டேன். இருந்தும் குறிப்பேட்டில் இருபது பக்கம் எழுதினேன். (பிறகு பார்த்தபோது, இருபதும் ஒரே பக்கத்தின்மேல் எழுதப்பட்டிருந்தன.)

முந்தைய ஆறு பாகங்களையும் நான் பார்த்ததில்லை. ஒரு காப்பியத்தின் இறுதிக் காண்டத்தை மட்டும் படித்துவிட்டு எவரேனும் கருத்துரைத்தால் அவரை நான் மனிதராகவே மதிக்கமாட்டேன். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஏனெனில் முடிவு எனக்காகவே எழுதியதுபோல அமைந்திருந்தது. தீப்பற்றிய எண்ணெய் ஆலை ஒன்றுக்குள் தாடிக்காரன் வெறுந்தலையோடு ஓடுகிறான். கூரை சரிகிறது. சவப்பெட்டி, மழை, பெரியண்ணன் தேம்புகிறார். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும், விளக்குகள் எரிந்து எவரேனும் என்னை அடையாளம் காணுமுன் வெளியேறிவிட்டேன். என்னைத் தவிர ஒருவரும் எழவில்லை. திரையரங்கில் உள்ளோர்க்கு எழுந்து செல்லும் ஒழுங்குகூடத் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டுக்கொண்டு பேருந்தேறினேன்.

வீட்டில் மரகதம் என் சட்டைக் காலரிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"லைப்ரரில இப்ப பாப்கார்ன்லாம் குடுக்கிறாங்களா?"

மறுநாள் விழாப் பந்தலில், நானே முதலில் பேசுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மரத்தட்டுக்குச் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். "நீங்கள் நன்கறிந்த ஒரு கதையின் ஏழாம் பாகத்திலிருந்து ஒரு காட்சி" என்று தொடங்கியதுமே முந்நூறு கண்கள் திறந்தன. சூசை முதுகை நிமிர்த்தி அமர்ந்தார். ஆண்டவனே, அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும் என்றிருந்தது. தீயை வருணித்தேன். புகையை வருணித்தேன். வெறுந்தலையை மூன்று முறை வருணித்தேன். குரலை உயர்த்தி, "தாடிக்காரன் மாண்டான். தலைக்கவசம் அணியாததால் மாண்டான். மாண்டவர் மீள்வதில்லை!" என்று முடித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. "போச்சுடா. சாய்ங்காலம் ஷோவுக்கு டிக்கெட்டு எடுத்து வச்சிகீறேனே." வேறு சிலரும் முனகினார்கள். அப்போது கோட்டீஸ்வரி எழுந்தார்.

"சார், அவன் சாவல."

"அம்மா, இறந்தான். என் கண்ணால் கண்டேன்."

"எந்தக் கண்ணு சார், ஆபரேசன் பண்ணதா?"

நல்லடக்கமே நடந்தது என்று வாதிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினார்களா என்று அவர் கேட்டார். காட்டவில்லை.

"பேருங்க ஓடி முடிஞ்சதுக்கப்பறம் ஒரு சீன் வருதே, பாக்கலியா நீங்க? ஒரு தீவுல சேர் போட்டுக் குந்திகினு டீ குடிச்சிகினு இருந்தானே."

கூட்டத்தில் பெரும் நிம்மதி. இரண்டாம் பாகத்தில் பாலத்திலிருந்து விழுந்தும், நான்காம் பாகத்தில் கப்பலோடு மூழ்கியும் அவன் திரும்பி வந்த வரலாற்றை ஒருவர் மாற்றி ஒருவராக எனக்கு எடுத்துரைத்தார்கள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மாட்டேன் என்று, அவ்வளவு எடையுள்ள கூரை விழுந்தால் பிழைக்க வழியில்லை என மெய்ப்பிக்கத் தொடங்கினேன். ஒரு கற்பனை மனிதன் செத்தே தீரவேண்டும் என்று, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், வியர்க்க வியர்க்க வாதாடினேன். அப்போது அந்தக் கம்பி வெட்டுபவர், தம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெய்யான ஐயத்தோடு கேட்டார்.

"அப்போ ஹெல்மெட்டு இல்லாட்டியும் ஒண்ணும் ஆவாதா சார்?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. அம்மையார் தம் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மரத்தட்டிலிருந்து இறங்கும் வழியே எனக்கு மறந்துபோயிற்று.

சூசை எழுந்து வந்து, தட்டின்மேல் ஏறாமல் என் பக்கத்தில் தரையில் நின்றார்.

"நா இன்னும் படம் பாக்கல. டூட்டி." என்னைப் பார்க்காமலே சொன்னார். "தாடிக்காரன் வருவான். எட்டாம் பாகத்துலயும் வருவான். அவனுக்கு எய்தி வச்சிகீறாங்க. நம்பளுக்கு யாருப்பா எய்தி வச்சிகீறாங்க? நா மேலேர்ந்து பாக்கும்போது உங்க தலதான் தெரியிது. நம்பளுக்கு அடுத்த பாகம் கெடயாது. சார் அதத்தான் சொல்ல வந்தாரு."

எவரும் கைதட்டவில்லை. கம்பி வெட்டுபவர் தலைக்கவசத்தை எடுத்து அணிந்து, நாடாவை மாட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசை வரிசையாக, நாடாக் கொக்கிகள் மாட்டும் ஓசை மட்டும் பந்தலில் கேட்டது. பதினேழு ஆண்டுகளாக நான் எழுப்ப விரும்பிய ஓசை அது. அதைச் சூசை எழுப்பினார் என்பதைக்கூட மன்னித்திருப்பேன். "சார் அதத்தான் சொல்ல வந்தாரு" என்று அதை என் பெயரில் எழுதிவைத்தாரே, அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மரத்தட்டு சூசைக்குப் போயிற்று. அதோடு விட்டார்களா? "நமக்கு அடுத்த பாகம் கிடையாது" என்னும் தொடரை ஆலை வாயிலில் எழுதிவைக்க முடிவாகி, பிழை பார்த்துத் தருமாறு மேலாளர் என்னிடமே அனுப்பினார். ஒரு முழுநாள் அதில் பிழை தேடினேன். ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் கெட்டுப்போகிறது. மறுநாள் என் கையாலேயே பெரிய எழுத்தில் வரைந்து கொடுத்தேன். நான் எழுதிய பலகைகளில் தொழிலாளர்கள் நின்று படிப்பது அது ஒன்றைத்தான்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அந்தப் பாதுகாப்பு நாள் முதல் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த நிகழ்ச்சி முடிந்த பிறகும் எழமாட்டேன். திருமணங்களில் பந்தல்காரர் நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய பின்னும் ஏதேனும் மிச்சம் வருமோ என்று அமர்ந்திருப்பேன். "எய்ந்திரிங்க, தாடிக்காரன் டீ குடிச்சிட்டுப் போயாச்சு" என்று மரகதம் சொன்னால்தான் எழுவேன். இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எட்டாம் பாகம் வந்தபோது சூசை நுழைவுச்சீட்டோடு வீட்டுக்கே வந்து, என்னைக் கையோடு அழைத்துப் போனார். இறுதிவரை அமர்ந்திருந்தோம். இடைவேளையில் அவர் வாங்கித் தந்த தேநீர் நன்றாக இருந்தது; அதையும் இங்கே பதிவுசெய்யவேண்டியிருக்கிறது.

முதல் ஆறு பாகங்களை நான் இன்னும் பார்க்கவில்லை. தாடிக்காரன் இறந்த முறைகளிலும், இடங்களிலும், வரிசையிலும் இக்குறிப்பில் பிழை இருக்கக்கூடும். அறிந்தோர் எழுதித் திருத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சூசை மட்டும் எழுதவேண்டா. அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.