மேடம் கேட்ட சாக்கு

காய்ந்திருக்கும் வரைக்கும் குப்பை ரொம்ப நல்ல பிள்ளை. சொன்ன இடத்தில் விழும், ஊதினால் பறக்கும். ஈரமாகிவிட்டால் அதைப்போல வம்புக்காரன் உலகத்தில் கிடையாது. இது தெரியாமலேயே குப்பை பிரிக்கும் மெஷின் ஒன்றை வடிவமைத்த மேதை நான்.

தொண்ணூறுகளின் கடைசி. செய்யாறிலிருந்து டிப்ளமோவும் கையுமாக பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் அல்போன்ஸ் அண்ணனின் வெல்டிங் ஷெட்டில் சேர்ந்திருந்தேன். கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தவரிடம், மாநகராட்சி குப்பை மெஷின் தேடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"டேய் செய்யாறு, நீதானே படிச்சவன்? வரைடா" என்றார். (அவர் வாயில் என் பெயர் கடைசிவரை செய்யாறுதான்.)

வரைந்தேன். மேலே குப்பையைக் கொட்ட ஒரு பெரிய புனல். அதன் கீழே ஓடும் பெல்ட். இரும்பை இழுக்க ஒரு காந்த உருளை. பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஊதித் தள்ள ஒரு புளோயர். மிச்சம் நேராகத் தொட்டியில் விழும். சோதித்துப் பார்க்க நானே குப்பை தயாரித்தேன். டப்பாக்களை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய பேப்பரோடு கலந்தேன். (குப்பையைக் குளிப்பாட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) மெஷின் ஜோராகப் பிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாநகராட்சி இன்ஜினியர் மேடம் வந்து பார்த்துத் தலையாட்டினால் ஆர்டர். ஆர்டர் கிடைத்தால் என் வேலை பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால்தான் வசந்தி. "வேலை நிக்கட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஆரணியில் ஒரு பேங்க் மாப்பிள்ளையையும் கைவசம் வைத்திருந்தார். எனக்கு வசந்தியை ரொம்பப் பிடித்திருந்தது. அந்த பேங்க்காரனை நினைத்தால் சோறு இறங்காது.

மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே சாக்கு சாக்காகக் குப்பையும் இறங்கியது. ஏதோ கல்யாண மண்டபத்திலிருந்து நேராக எடுத்து வந்தது. அத்தனையும் ரசம் சொட்டும் எச்சில் இலை.

மெஷினை முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். நான் ஏணியில் ஏறிப் புனல் பக்கம் நின்றேன். மேடமும் அல்போன்ஸ் அண்ணனும் எதிர்முனையில், புளோயருக்கு நேராக நின்றார்கள். முதல் சாக்கைக் கொட்டினேன். காந்தம் இரண்டு ஸ்பூனை லபக்கென்று பிடித்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஓர் இலை போய் புளோயர் வாயில் அப்பிக்கொண்டது. அதன்மேல் இன்னொன்று. புளோயர் முனக ஆரம்பித்தது. பெல்ட் திணறியது. வசந்தி ஆரணி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது அந்தச் சத்தத்தையும் மீறி மேடத்தின் குரல் வந்தது. "சாக்கு! சாக்கு!"

ஆஹா, மெஷின் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்! உயிர் வந்தது எனக்கு. அடுத்த சாக்கைக் கொட்டினேன். மேடம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு இன்னும் பலமாக, "சாக்கு ரீ! சாக்கு!" என்றார். என்ன ஒரு ஆர்வம்! "இதோ மேடம்!" என்று அதற்கடுத்ததையும் கவிழ்த்தேன்.

அல்போன்ஸ் அண்ணன் ஷெட்டுக்குள் இருக்கும் சுவிட்சை அணைக்க ஓடினார். ஓடியவர் இலையில் வழுக்கி உட்கார்ந்தார். அதே நேரம் புளோயர் ஒரு செருமு செருமி, அடைத்திருந்த மொத்தத்தையும் வெளியே துப்பியது. மேடத்தின் தலையில் இலை, தோளில் அப்பளம், பட்டுப்புடவை முழுக்கப் பாயசம்.

யாரோ போய் சுவிட்சை அணைத்தார்கள்.

"டேய் செய்யாறு! அவங்க சாக்கு சாக்குன்னு கத்தறாங்க, நீ பாட்டுக்கு கொட்டிக்கினே கீறியே!"

"சாக்கு கேட்டாங்க, அதான் குடுத்தேண்ணே."

"ஏசப்பா! கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்டா!"

நான் குடியிருந்தது ஈஜிபுராவில். வீட்டு ஓனர், டீக்கடை, மளிகைக்கடை, எல்லாரும் தமிழ். கன்னடம் பஸ் போர்டில் மட்டும் இருக்கும் ஏதோ ஓவியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஏணியிலிருந்து இறங்கவே பயமாக இருந்தது.

மேடம் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மெஷினை மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதன்ன நில்ஸோ ஸ்விட்ச் எல்லி?" என்று கேட்டார். நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்கிறாராம். அப்படி ஒன்றை நான் மெஷினில் வைக்கவே இல்லை. என் மெஷினை யாராவது நிறுத்த நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை!

"பட்டன் ஹாக்கி, ஆமேலெ கரீரி" என்று ஜீப்பில் ஏறினார். பட்டன் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று அண்ணன் மொழிபெயர்த்தார். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இலைகளை முன்னாலேயே குத்தி இழுத்துக்கொள்ள ஒரு முள் உருளை வைத்தோம். கைக்கெட்டும் இடத்தில் இட்லி சைஸில் ஒரு சிவப்பு பட்டன் வைத்தோம். மேடம் மறுபடி வந்தார். இந்த முறை ஜீப் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டார். நான் கொட்டினேன். இலை ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று பிரிந்து விழுந்தன. அடுத்த சாக்கில் கை வைத்தேன்.

"தம்பி! போதும்!"

சுத்தமான தமிழ். வரும் வழியில் டிரைவரிடம் கேட்டு, சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். பட்டனை அழுத்தினேன். மெஷின் நின்றது. என் வேலையும் நின்றது, அதாவது நிலைத்தது. தட்டும் மாற்றிக்கொண்டோம்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை வசந்தியிடம் சொன்னது தப்பாகிவிட்டது. இன்றைக்கும் சாப்பிடும்போது நான் "போதும்" என்றால் கரண்டி நிற்பதில்லை. "எந்த பாஷைல சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஊற்றிவிடுகிறாள்.