விற்பனைக்கு ஒரு வளை, கூலிக்கு ஒரு பல்லி

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. தூரத்தில் உட்கார்ந்து கேட்டால் கதை பாதிதான் காதில் விழும். மீதியை நீங்களாகப் போட்டு நிரப்பிக்கொண்டு, நான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்கள். அந்தப் போனைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். சரி, இப்போ கேளுங்க.

ஒரு காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு வளை. அந்த வளையில் சடையாண்டி என்கிற முள்ளம்பன்றியும், அவன் பெண்டாட்டி தாயம்மாவும், இரண்டு குட்டிகளும் குடியிருந்தார்கள்.

வளையில் ஒரு குறையும் இல்லை, ஐப்பசி மாதம் தவிர. ஐப்பசி மழை பிடித்தால் ஓடை நேராக வீட்டுக்குள் வந்துவிடும். போன வருஷம் கழுத்து மட்டும் வந்தது. தாயம்மா குட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி சுவரைச் சுற்றிலும் கறை. அன்றையிலிருந்து அந்தக் கறையைக் காட்டிவிட்டுத்தான் புருஷனுக்குச் சோறு போட்டாள்.

“ஏங்க, அடுத்த ஐப்பசிக்கு நானும் பிள்ளைங்களும் இங்க இருக்க மாட்டோம். நீங்க இருக்கிறதும் இல்லாததும் உங்க இஷ்டம்.”

மலைமேல் ஒரு பாறைக்குகை விலைக்கு இருந்தது. கரடிக்குச் சொந்தம். கரடி மகள் வீட்டோடு போகிற யோசனையில் இருந்தார். “நாற்பது கூடை கிழங்கு கொடு, குகையை எடுத்துக்கோ. புரட்டாசி அமாவாசை மத்தியானம் வரைக்கும் உனக்காக நிறுத்தி வைக்கிறேன். அதுக்கப்புறம் எவன் முதல்ல கூடையை இறக்குறானோ அவனுக்கு” என்று சொல்லிவிட்டார். ஆக, வளையை நாற்பது கூடைக்கு விற்றால் மலை. விற்காவிட்டால் கழுத்தளவு தண்ணீர். இவ்வளவுதான் சங்கதி.

சடையாண்டி வாசலில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிப் போட்டான். வந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள், கறையைப் பார்த்தார்கள், “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அப்போதுதான் நரி வந்தது. பெயர் சிங்காரவேலு. கழுத்தில் கைக்குட்டை. புரச இலையில் பெயரும் தொழிலும் பொறித்து நீட்டியது: ‘வீட்டு அலங்கார ஆலோசகர்’. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மூக்கைச் சுளித்தது.

“அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. இந்த வீட்டை விட்டு முதல்ல தூக்கிப் போட வேண்டியது ஒண்ணு இருக்கு.”

“எது? அந்த ஓட்டைப் பெட்டியா?”

“நீங்கதான்.”

சடையாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

“பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன்” என்றது நரி. “சிலிர்த்தீங்க, நாலு முள்ளு விழுந்துச்சு. வாங்க வர்றவன் உட்கார்ந்தா குத்துமா இல்லையா? வித்து முடியுற வரைக்கும் குடும்பத்தோட அந்தப் புதருக்குள்ள இருங்க. இருக்கிறவன் இருந்தா வீடு வீடு மாதிரி இருக்காது.”

சொந்தக்காரனை வெளியே துரத்திவிட்டு வீட்டுக்கு அழகு பார்க்கிற தொழில் இது. சடையாண்டியும் சரி என்று போனான். போய்ப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியிடம், “படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

“என்ன படிச்சிருக்காராம்?”

“கழுத்துல கைக்குட்டை கட்டியிருக்காருல்ல?”

தாயம்மா குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நரி வேலையை ஆரம்பித்தது. கறையைச் சுரண்டவில்லை, பூசி மறைக்கவில்லை. கறைக்கு மேலே வெள்ளை அடித்தது, கறைக்குக் கீழே நீலம் அடித்தது. எட்ட நின்று பார்த்து, “டிசைன்” என்றது. எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியைச் சாத்தி வைத்தது. இரண்டு அறை நாலாகிவிட்டது. தட்டில் மெழுகு மாம்பழம். எவனும் திறக்காத தடித்தடிப் புத்தகம் ஒன்பது. அடுப்பில் நாலு சொட்டு நெய்யைக் காய்ச்சி, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மணம் மட்டும் கிளப்பிவிட்டது. சமையல் ஒன்றும் கிடையாது. “வீட்டைக் கண்ணாலயா வாங்குறான்? மூக்கால வாங்குறான் அண்ணாச்சி.”

காக்கையைக் கூப்பிட்டுப் போனில் படம் எடுக்கச் சொன்னது. காக்கை அதை எப்படித் திருகி எடுத்ததோ, படத்தில் வளை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் யானையே வந்துவிட்டது. தும்பிக்கையை உள்ளே விட்டு நெய் வாசத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “ஹால் நல்லாயிருக்கு, வாசல்தான் கொஞ்சம் சின்னது” என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

வரிசை ஓடை வரைக்கும் நின்றது. நரி எல்லாரிடமும் படிவம் கொடுத்தது. பெயர், இனம், கால் எத்தனை, வால் உண்டா, இல்லையென்றால் காரணம். மூன்று பிரதி. வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வீடு வாங்க வந்தவர்களா? அடுத்தவன் படுக்கையறையை ஓசியில் பார்க்க வந்தவர்கள். குரங்குப் புருஷன் பெண்டாட்டி மெழுகு மாம்பழத்தை ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டு, பல்லில் ஒட்டியதைத் துப்பவும் வெட்கப்பட்டுக்கொண்டு, “அருமையான ருசி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் யாரும் வாங்கவில்லை. நரி தாடையைச் சொறிந்தது.

“அண்ணாச்சி, இந்தக் காட்டுல இப்ப படிச்சவங்க ஜாஸ்தி. விசாரிக்காம வாங்க மாட்டாங்க.”

“யாரை விசாரிப்பாங்க?”

“பல்லியை.”

உண்மைதான். பேச்சு நடக்கும்போது சுவரில் பல்லி கத்திவிட்டால் பேசினது பலிக்கும் என்று அந்தக் காடே நம்பியது. அதுவும் வடகிழக்கு மூலையில் மூன்று தரம் கத்தினால் அப்பீலே கிடையாது. எட்டுக் கால் வைத்தவனும் அதைத்தான் நம்பினான், எம்.ஏ. படித்தவனும் அதைத்தான் நம்பினான்.

பாறை இடுக்கில் கெவுளியக்கா என்று ஒரு வயசான பல்லி இருந்தது. நரி போய்ப் பேசியது.

“அக்கா, நான் இருமினா நீ மூணு தரம் கத்தணும். என்ன கேக்குற?”

“பொழுது சாய்ஞ்சா ஒரு விளக்கு ஏத்து. பூச்சி வரும். எனக்கு வேற என்னப்பா ஆசை?”

இந்தப் பேரம் அத்தனையும் சடையாண்டியை வைத்துக்கொண்டுதான் நடந்தது. விளக்குக்கு எண்ணெய் கொடுத்ததே அவன்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

புரட்டாசி அமாவாசை அன்று காலையில் தனக்கோடி வாத்தியார் வந்தார். முயல். கண்ணாடி போட்ட முயல். ஆறு பிள்ளைகள். நாற்பது கூடை கிழங்கை வண்டியில் ஏற்றிக் கையோடு கொண்டுவந்து, கரைமேட்டில் நிறுத்தியிருந்தார். படிவத்தை நாலு பிரதியாக எழுதிக் கொடுத்தார், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று. நெய் மணத்தை மோந்தார். நீலத்தைத் தடவிப் பார்த்தார்.

“எல்லாம் திருப்தி. ஒரே ஒரு கேள்வி. மழைக்குத் தண்ணி வருமா?”

சடையாண்டியையும் புதரிலிருந்து அழைத்துவந்து நிறுத்தியிருந்தார்கள், ஒப்பந்தத்தில் நகம் பதிக்க வேண்டுமே என்று. அவன் வாத்தியாரையும் பார்த்தான், ஆறு குட்டி முயலையும் பார்த்தான். தன் கழுத்துக்கு வந்த தண்ணீர் இவர்கள் தலைக்கு எவ்வளவு மேலே நிற்கும் என்று கணக்குத் தெரியாதவன் இல்லை.

“ஒரு சொட்டு வராது சார்” என்றான்.

நரி இருமியது. வடகிழக்கு மூலையில், ச்ச், ச்ச், ச்ச்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இதுக்கு மேல என்ன வேணும்? வண்டியைக் கொண்டாறேன்.” குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரைமேட்டுக்குப் போனார்.

நரி அவர் பின்னாலேயே போயிற்று. வீட்டுக்குள் சடையாண்டியும், மூட்டை கட்டக் குட்டிகளோடு வந்த தாயம்மாவும் மட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு சொந்த வீட்டுக்குள் நிற்கிறான். வெள்ளை, நீலம், கண்ணாடி, நெய். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“ஏ தாயம்மா. இவ்வளவு நல்ல வீடா நம்ம வீடு?”

“மூட்டையைப் பிடிங்க.”

“இல்ல, யானையே வந்து பார்த்த வீடு. இதைப் போய் எவனுக்கோ கொடுக்கணுமா? போன வருஷம் ஏதோ வந்துச்சு. வருஷா வருஷமா வரும்? இந்த வருஷம் தண்ணி வராதுன்னு எனக்குத் தோணுது.” புதுச் சுண்ணாம்பு நெடி தொண்டையைக் கவ்வியது. இருமினான்.

ச்ச், ச்ச், ச்ச்.

சடையாண்டி மூட்டையைக் கீழே போட்டான். “கேட்டியா!”

“யோவ், அது நாம கூலிக்கு வச்ச பல்லிய்யா!”

“கூலிக்கு வச்சா என்ன? பல்லி பல்லிதானே?”

“நீ இருமின, அது கத்துச்சு!”

“நான் இருமினது தற்செயல். அது சொன்னது தெய்வச் செயல்.”

தாயம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு குட்டியை முதுகில் ஏற்றினாள், ஒன்றைக் கையில் பிடித்தாள், மலைப் பக்கம் நடையைக் கட்டினாள். “நீயும் உன் டிசைனும்” என்று போகிற போக்கில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

வண்டி வாசலுக்கு வந்தது. சடையாண்டி குறுக்கே நின்று முள்ளைச் சிலிர்த்தான். “விக்கலை.”

வாத்தியாருக்கு வாய் அடைத்துவிட்டது. நரிக்கு அடைக்கவில்லை. அது ஒரு நிமிஷம்கூட வருத்தப்படவில்லை.

“விடுங்க வாத்தியாரே. மலைமேல கரடியோட குகை இருக்கு. மத்தியானம் ஆச்சு, இனி யாரு முதல்ல போறாங்களோ அவங்களுக்குத்தான். அதே நாற்பது கூடை. பாறை. தண்ணி ஏறவே ஏறாது.”

“அங்க பல்லி இருக்கா?”

“இல்லை.”

“பல்லி சொல்லாத வீட்டை எப்படிங்க நம்புறது?” என்றார் படித்தவர்.

நரி வளைக்குள் தலையை விட்டு, “மலைக்குகை நல்ல வீடு” என்று சொல்லி இருமியது. சத்தமே இல்லை. இன்னொரு தரம் இருமியது. கெவுளியக்கா வாலை ஆட்டிக்கொண்டே மெல்லச் சொன்னது:

“அது வேற வீடு. வேற விளக்கு.”

“சரி, ரெண்டாவது விளக்கும் ஏத்துறேன்.”

ச்ச், ச்ச், ச்ச். அந்தப் பல்லி அந்த வருஷத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் கூலி தனியாகக் கேட்டது.

வாத்தியார் மலையேறினார். குகையின் ஓரத்தில் தாயம்மாவுக்கும் குட்டிகளுக்கும் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சும்மா இல்லை, படிவம் வாங்கிக்கொண்டுதான்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. மூன்றாம் நாள் ஓடை வீட்டுக்குள் வந்தது. ஏறி ஏறி, நீலமும் வெள்ளையும் சேருகிற கோட்டில் வந்து நின்றது. ஒரு விரற்கடை கூடவோ குறையவோ இல்லை. அவ்வளவு சுத்தமான டிசைன்.

புத்தகம் ஒன்பதும் மிதந்தன. மெழுகு மாம்பழம் மிதந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சடையாண்டி கூரையைப் பார்த்துக் கத்தினான்.

“ஏ கெவுளியக்கா! தண்ணி வராதுன்னு நீதானே சொன்ன?”

பல்லி கூரையில் தலைகீழாக நின்று கீழே பார்த்தது.

“எனக்கு வரலையேப்பா” என்றது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு சத்தம். ஒரு வாழைத்தண்டுத் தெப்பத்தில் நரி வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு நீர்நாய், பெரிய ஆற்றுக்காரர், வெள்ளிக் கடுக்கன் போட்டவர். அடுப்பு மூழ்கிவிட்டதால் நரி நெய் வாசத்தைத் தன் கைக்குட்டையிலேயே தடவிக்கொண்டு வந்திருந்தது.

“பாருங்க சார், வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம். காட்டுல வேற எவன் வீட்டுல இருக்கு?”

“அது என்னப்பா, நடுவுல முள்ளு முள்ளா?”

“அதுவா? தண்ணிச் செடி சார். சும்மா அழகுக்கு வச்சது.”

நீர்நாய் ஒரு முங்கு முங்கி எழுந்தார். பிடித்துப்போயிற்று. “எல்லாம் சரி. கோடையில தண்ணி வத்திருமோ?”

“வத்தவே வத்தாது” என்று சொல்லி நரி மேலே பார்த்து இருமியது. மேலே சத்தமில்லை. நரி பெருமூச்சு விட்டுக்கொண்டு மூன்றாவது விளக்கை ஏற்றித் தெப்பத்தின் முனையில் வைத்தது.

ச்ச், ச்ச், ச்ச்.

நீர்நாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது தண்ணீருக்கு நடுவில் இருந்த செடி மெல்ல முகத்தைத் தூக்கியது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“வத்தாதா? கோடையிலயுமா? சொந்த வீட்டுக்குள்ளேயே குளமா?” என்றான் சடையாண்டி. ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு, சத்தமாகச் சொன்னான்: “நான் விக்கலை!”

நீர்நாய் நரியைப் பார்த்தார். நரி சடையாண்டியைப் பார்த்தது. கூரையில் இருந்த கெவுளியக்கா யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது விளக்குக்கு வந்த ஈசல்களில் கொழுத்ததாக ஒன்றைப் பார்த்து, நாக்கை நீட்டி, எடுத்து விழுங்கியது.

நீதி: வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பல்லிக்கு மட்டும் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றிவிடு.