சும்மா இருக்கிறவளின் புருஷன்

உலகத்தில் புருஷர்கள் பல தினுசு. குடிக்கிற புருஷன், அடிக்கிற புருஷன், கோவிலே கதி என்று கிடக்கிற புருஷன். இவர்களைப் பற்றியெல்லாம் படித்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். படித்தவர்கள் கண்ணில் படாத தினுசு ஒன்று எங்கள் திருப்பூரில் வீதிக்கு நாலு இருக்கிறது. அதை எழுத, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான்தான் வர வேண்டியிருக்கிறது. அந்தத் தினுசுக்குப் பெயர், சும்மா இருக்கிறவளின் புருஷன்.

உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதினோரு வயதில் பனியன் மெஷினைக் கையால் சுற்றுகிற கூலியாகச் சேர்ந்தவன் நான். இன்றைக்குத் திருப்பூர் ராயபுரத்தில் சொந்தக் கட்டிடத்தில் சொந்தக் கம்பெனி. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. தைத்த பனியன்களைப் பிசிர் வெட்டி, மடித்து, டஜன் டஜனாகக் கட்டுகிற வேலையை வீடுகளுக்குக் கொடுத்து வாங்கலாம் என்று எங்கள் வீதியில் முதலில் யோசித்தவனும் நானே. அந்தக் கட்டுகளை வாங்கிப்போக யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், வந்து என்ன சொல்கிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் காலேஜில் இதைச் சொல்லித்தருகிறார்கள்?

இந்த இனம் கல்யாணத்தன்றே பிறந்துவிடும். ஆனால் முழு வளர்ச்சி அடைவது பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறபோதுதான். அதுவரை காட்டுக்கோ மில்லுக்கோ போய்க்கொண்டிருந்தவளை, "இனி ஊட்டோட இரு" என்று நிறுத்துவார். நிறுத்திய மாதமே பால், பழம், டானிக், டாக்டரம்மா என்று செலவு ஏணி வைத்து ஏறும். அவர் மோட்டுவளையைப் பார்ப்பார். அவள் வீதியைப் பார்ப்பாள். பார்த்து, விசாரித்து, எங்கிருந்தோ ஒரு வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்லமாட்டார். வேண்டும் என்றும் சொல்லமாட்டார். ஊரில் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்: "எங்கூட்டுல சும்மாதானுங்க இருக்கறா."

கட்டு வாங்க அவர் வரும் அழகே தனி. நேராக வரமாட்டார். எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்தி, செயினைத் தடவி, டயரை அமுக்கிப் பார்த்து, வெற்றிலைக் கடையில் பாக்கு வாங்கி, அதை மென்று முடித்து, தெரிந்த முகம் எதுவும் வீதியில் இல்லை என்று உறுதியான பிறகு, நெருப்புப்பெட்டி கேட்க வந்தவர் போல உள்ளே நுழைவார். திரும்பும்போது கட்டின்மேல் ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக்கொள்வார். யாராவது கேட்டால் அது சலவைக்குப் போடுகிற துணி. புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர் இருக்கிற வீட்டில் வாரம் மூன்று மூட்டை சலவைக்குப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவனும் சலவைக்குப் போடுகிறவன்தானே.

மீறிக் கேட்டுவிட்டால் வைத்திருக்கிறார் பதில். "பொழுது போகோணுமில்லீங்க." அது எடுபடாவிட்டால், "டாக்டரம்மாதான் கைக்கு ஏதாச்சும் வேலை குடுக்கச் சொன்னாங்க." பனியனுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிறவளின் புருஷன், "வெளையாட்டுக்கு ஒட்டறா" என்பார். மண்டிக்காரருக்கு நிலக்கடலை தொலித்துக் கொடுக்கிறவளின் புருஷன், "வாய்க்கு ருசியா இருக்குதுன்னு தொலிக்கறா" என்பார். மூட்டைக் கணக்கில் கடலை தின்கிற கர்ப்பிணியை நான் கண்டதில்லை.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் கிட்டுசாமி. ஜின்னிங் பேக்டரியில் பருத்தி எடை போடுகிறவர். நல்ல மனுஷன், சூதுவாது கிடையாது. சேவூர்ப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டமுள்ள பொங்கியண்ணனின் மகள் தெய்வாத்தாளைக் கட்டியிருந்தார். நான் சொல்வது அறுபத்தேழில் நடந்தது. அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, புருஷனை அனுப்பாமல் அவளே கம்பெனிக்கு வந்து வேலை கேட்டாள். கேட்டது என்னிடம், கண் மட்டும் மூலையில் கிடந்த கால் தையல் மெஷின்மேல். அந்த வருஷம் நான் கரண்ட் மெஷினுக்கு மாறியிருந்தேன். அதிலும் எங்கள் வீதியில் நான்தான் முதல்.

"அந்த மெசினைக் குடுப்பீங்களாங்க?"

"உனக்கெதுக்கு அம்மிணி?"

"கொழந்தை பொறந்துட்டா எங்கீங்க கம்பெனிக்கு வர்றது. மெசினு ஊட்டுல இருந்தா, தொட்டில் கவுத்தை மெதிக்கிற பலகையில கட்டியுட்டுட்டு நாம்பாட்டுக்குத் தெச்சுட்டிருப்பனுங்க. அதும்பாட்டுக்கு ஆடீட்டிருக்கும்."

முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய எனக்கே இது தோன்றியதில்லை. எனக்குத் தோன்றாத ஒன்றைச் சொல்கிற ஆளை நான் லேசில் விடுவதில்லை. "பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவரைக்கும் உனக்குக் கொடுக்கிற கட்டு ஒரு லாட்கூட நாள் தப்பாமல் வரட்டும், மெஷின் உனக்குத்தான், கிரயத்தைத் தையலில் கழித்துக்கொள்ளலாம். ஒரு லாட் தப்பினாலும் பழைய இரும்புக்காரனுக்குப் போய்விடும்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு மாதம். ஒரு லாட் தப்பவில்லை. கால் வீங்கிய வாரத்திலும் தப்பவில்லை. கடைசி லாட் வந்து சேர வேண்டிய நாளும் கட்டுச்சோற்று நாளும் ஒன்றாகிவிட்டது. கட்டுச்சோறு என்றால் எங்கள் பக்கம், ஏழாம் மாதத்தில் பெண்வீட்டார் சோற்று மூட்டைகளோடு வந்து விருந்து வைத்துப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது. காலையில் மிச்சமிருக்கிற ஒரு கட்டை முடித்துவிடலாம் என்று அவள் கணக்கு. சேவூர்க்காரர்களோ முதல் பஸ்சிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வீதி முனையில் அவர்களைப் பார்த்த கிட்டுசாமி, ஜின்னிங் பேக்டரியில்கூடக் காட்டாத சுறுசுறுப்போடு, கட்டுகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி, மேலே பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் மாமனாரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்.

பார்சல் ஆபீசில் மூன்றரைக்குமேல் சரக்கு வாங்கமாட்டார்கள். மணி ஒன்றரை ஆகியும் லாட் வரவில்லை. நானே புறப்பட்டேன். முதலாளி ஆன பிறகும் சரக்கைத் தேடி நானே போவேன். அப்படிப் போய்த்தான் முதலாளி ஆனேன்.

வாசலிலேயே கிட்டுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க. மாமா, இவுரு நமக்கு ரொம்ப வேண்டியவருங்க. விருந்துக்கு வரச்சொல்லியிருந்தனுங்க." எனக்கு இலை போட்டார்கள். உட்கார்ந்து புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு மூன்றையும் சாப்பிட்டேன். என் எதிரே, என் பனியன்கள்மேல், பொங்கியண்ணன் சம்மணம் போட்டு அமர்ந்திருந்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, இந்த மெத்தை எங்க வாங்குனீங்க? இடுப்பு வலியே தெரியலீங்களே."

"கோயமுத்தூருங்க மாமா."

பொங்கியண்ணன் என் பக்கம் திரும்பினார். "பொண்ணைக் குடுத்தா இப்பிடியொரு எடத்துல குடுக்கோணுமுங்க. ஒரு துரும்பை எடுத்துப் போட உடறதில்லை. சும்மாவே உக்கார வெச்சிருக்காரு."

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு தெய்வாத்தாள் நின்றாள். கை நிறையப் புது வளையல். என்னைப் பார்த்தாள்.

"பார்சல் ஆபீசு மூணரைக்குத்தானுங்களே?"

"ஆமா அம்மிணி."

கிட்டுசாமிக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். என் சரக்குத்தான்; ஒரு வார்த்தையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வேலை அவளுடையது. கேட்க வேண்டியவள் அவள்.

மெதுவாக நடந்து வந்து தகப்பனார் முன்னால் நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் எந்திரிங்க."

"ஏங் கண்ணு?"

"நீங்க உக்காந்திருக்கறது என்ற வேலைமேலைங்கப்பா."

பொங்கியண்ணன் எழுந்தார். ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மருமகன், "பொழுது போகட்டும்னு" என்று ஆரம்பித்து, விட்டத்தில் எதையோ தேடப் போய்விட்டார்.

அடுத்துப் பேசியது தெய்வாத்தாளின் தாயார் மாரக்காள். ஏன், எதற்கு, எத்தனை நாளாக என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கத்திரி எத்தனை இருக்குது கண்ணு?"

"ரெண்டுதானுங்கம்மா."

"பக்கத்தூட்டுல ரெண்டு வாங்கியா."

சேவூரிலிருந்து வந்த பெண்கள் எட்டுப் பேரும் பட்டுச்சேலையோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிசிர் வெட்ட, ஒருத்தி உதற, ஒருத்தி மடிக்க, ஒருத்தி கட்ட. எனக்குக் கையைப் பார்த்தால் ஆளைத் தெரியும். மூன்றாவது பனியனில் அந்தக் கைகளெல்லாம் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டன. கம்பெனியில் ஒரு வாரம் கத்திச் சொல்லித்தருகிற வேலை. தெய்வாத்தாள் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு டஜனையும் தானே பார்த்து வாங்கினாள். இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பியவற்றில் ஒன்று பெற்ற தாய் மடித்தது.

ஆம்பிளைகள் வாசலுக்கு நகர்ந்துவிட்டார்கள். அப்போது எதிர்வீட்டு ஆறுச்சாமி வந்து விசாரித்தார்.

"என்னுங்க, விருந்து முடிஞ்சுதுங்களா? பொம்பளைங்கெல்லாம் உள்ள என்ன பண்றாங்க?"

கிட்டுசாமி வாயைத் திறந்தார். அதற்குள் பொங்கியண்ணன் முந்திக்கொண்டார்.

"என்னத்தைப் பண்றாங்க. சும்மா உக்காந்து பேசீட்டிருக்காங்க."

மாமனாரை மருமகன் நன்றியோடு பார்த்தார். மருமகனுக்கு மாமனார் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இந்த இனம் தானாக முளைப்பதில்லை, ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குப் போகிறது என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

மூன்று மணி பத்துக்கு லாட் பார்சல் ஆபீசில் இருந்தது. மறுநாள் காலை, மெஷினுக்கு நானே எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, வண்டியில் ஏற்றிச் சேவூருக்கு அனுப்பினேன். அவள் தைத்து அனுப்பிய முதல் உருப்படியைப் பிரித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் குறை சொல்லாமல் விட்ட முதல் உருப்படியும் அதுதான்.

ராயபுரத்தில் கிட்டுசாமி சொல்லிக்கொண்டிருந்தார்: "சும்மா இருக்கறாளேன்னு ஒரு மெசினு வாங்கிக் குடுத்திருக்கறனுங்க." சேவூரில் பொங்கியண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேரனுக்குச் சட்டை தெக்கோணும்னு மாப்பிள்ளை ஆசைப்பட்டு அனுப்பிச்சாருங்க." பிறந்தது பேத்தி. கதையை அவர் மாற்றவில்லை.

இவ்வளவு தூரம் படித்துச் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பனியன் ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம். ஆபீசில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவராக இருக்கலாம். அதனால் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கே யாராவது வந்து, "ஊட்டுல அவுங்க என்ன பண்றாங்க?" என்று கேட்பார்கள். அவள் முழுகாமல் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். பதில் உங்கள் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அதைச் சொல்லுமுன் கொஞ்சம் உள்பக்கமாகக் காதைத் திருப்புங்கள். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த, உள்ளே வேலை நடக்கிற ஏதோ ஒரு சின்னச் சத்தம் நின்றிருக்கும். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பதற்காக அவள்தான் நிறுத்தியிருக்கிறாள்.