கடனுக்குத் தண்ணிக் கழிவு

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாரமிறக்கி சாமி எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தில் நின்றால் போதும், தள்ளிக்கொண்டே போய்ச் சாமி காலடியில் விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அட்டனிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். ஆளுக்கொரு சட்டி, சட்டி நிறைய மண். மண் எதற்கு என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

இந்தச் சாமி பேய் ஓட்டுகிறவர் இல்லை. குறி சொல்கிறவரும் இல்லை. அதெல்லாம் பழைய வியாபாரம். இவர் கடன் ஓட்டுகிறவர். வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினால், அந்தக் கடனின் பாரம் வாசல் மண்ணில் இறங்கி உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் வாசல் மண் ஒரு சட்டி, உறுதியின் போட்டோகாப்பி ஒன்று. இரண்டையும் மஞ்சள் துணியில் கட்டி, கங்கைத் தீர்த்தத்தில் முக்கி எடுத்து, தராசில் தொங்கவிடுவார். மூன்று கிலோ! பிறகு ஏழு நாள் ஓமகுண்டத்துக்கு மேலே கம்பியில் மூட்டை தொங்கும். இறக்கி நிறுத்தால் இரண்டரை கிலோ!

"அரைக் கிலோ கடன் கரைஞ்சிருச்சு மகனே!" என்பார் சாமி. பெண்கள் குலவை போடுவார்கள். ஒரு தடவை நிறுக்க எடைக்கூலி இரண்டாயிரம் ரூபாய். கங்கைத் தீர்த்தம், சாமி உட்காரும் மண்டபத்துப் பின்பக்கக் குழாயிலிருந்து நீல பீப்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. அதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் சின்னத்தம்பி. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுத்து நிறுத்தே இருபது வருஷத்தை ஓட்டியவர். பெண்கள் கொண்டுவந்து மாட்டுகிற பையை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். "தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ" என்று எடையில் வெட்டிவிடுவார். மழையானாலும் கழிவு, பனியானாலும் கழிவு, வெயிலடித்தால் அது வேர்வைக்குக் கழிவு. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்.

அவருக்கு லிந்துலையில் பத்துப் பேர்ச் அளவுக் காணித்துண்டில் ஒரு வீடு. வீடு அவர் பெயரில், உறுதி பினான்ஸ் கம்பனியின் பெட்டியில். பத்து வருஷக் கடன். அவர் மனைவி ஜீவராணி அதற்கு ஒரு வழி கண்டிருந்தாள். மாசத் தவணை போகத் தையல் காசையும் தீபாவளிக் காசையும் சேர்த்து ஒன்றரை லட்சம் வைத்திருந்தாள். அதை மொத்தமாகக் கடனின் அசலில் கட்டி, இனி வருஷா வருஷம் மிச்சம் பிடிப்பதையும் அப்படியே கட்டினால் கடன் ஆறே வருஷத்தில் முடிந்துவிடும். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி உண்டு. ஏப்ரல் லீவில் திருகோணமலை போவதற்கென்று ஒரு பால்மா டின்னில் தனியாகக் காசு விழுந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு வயதாகியும் ஜீவராணி கடலைப் பார்த்ததில்லை.

சின்னத்தம்பிக்கு ஆறு வருஷம் பொறுக்கவில்லை. "ஏன்டா கட்டுற?" என்று கேட்டுவிட்டாரே சாமி! "நல்லாத் தின்னு, நல்லா உடுத்து, திருகோணமலை என்னா, சிங்கப்பூருக்கே போ. கடன் தன்னால மெலியும்!"

முதல் வாரம் அரைக் கிலோ மெலிந்தது. அடுத்த வாரம் இருநூறு கிராம். மூன்றாவது வாரம் முள் அசையவே இல்லை. சாமி கண்ணை மூடினார். "இது அடிக்கடன். சும்மா இறங்காது. கையில சேத்து வச்சிருக்கியே, அதை அமாவாசைக்குக் காணிக்கையா வை. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார். கையில் சேர்த்து வைத்திருப்பது சாமிக்கு எப்படித் தெரிந்தது என்று சின்னத்தம்பி அசந்துபோனார். முதல் வாரமே அவர்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தார், பாவம், மறந்துவிட்டது.

"என்னாங்க, பினான்ஸ்காரன் புத்தகத்துல எத்தனை கிலோ குறைஞ்சிருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள் ஜீவராணி.

"அது வெறுங்கணக்கு. இது எடை. தராசு பொய் சொல்லுமா ஜீவா? இருவது வருசமா தராசு புடிக்கிறவன்கிட்டயே பேசுறியா?"

"அது என் தையல் காசுங்க. அது போனா இந்த வீடும் போயிரும்."

"வாயை மூடு. சாமி குத்தமாயிரும்."

அமாவாசையன்று பணப்பையோடு பால்மா டின்னையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார் மனுஷன். ஜீவராணி அழுதுகொண்டே பின்னால் போனாள்.

மண்டபத்தில் அவருக்கு முன்னால் நின்றவளைப் பார்த்ததும் சின்னத்தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாகலெட்சுமி! அவர் மலையில் கொழுந்தெடுக்கிறவள், தண்ணிக் கழிவுக்கு நாள் தவறாமல் அவரோடு சண்டை போடுகிறவள். இவளுக்கு ஏது கடன்? இவள் இருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்துச் சொத்து, அதை எவன் ஈடு எடுப்பான்?

அவள் மூட்டையைச் சாமி தராசில் மாட்டினார். "போன வாரம் ரெண்டு கிலோ எண்ணூறு. இப்ப ரெண்டு கிலோ முந்நூறு. அரைக் கிலோ கடன் போச்சு தாயே!"

குலவை கிளம்பியது. நாகலெட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எந்தக் கடன் சாமி?"

"உன் வீட்டுக் கடன்தான் தாயே."

"எனக்கு வீடே இல்லைங்களே!" என்று அவள் மூட்டையை அவிழ்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து வந்தது உறுதியில்லை. சவுக்காரக்கட்டி சுற்றி வந்த கவர், நான்காக மடித்தது.

சாமி ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். "போன பிறவிக் கடன்! எழுத்தில் இல்லாத கடன்!" என்று முழங்கினார். "ஆகா!" என்றது கூட்டம். நம் ஜனங்களுக்குச் சமாதானமாவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"அப்படிங்களா? சரிங்க" என்றாள் நாகலெட்சுமி. மூட்டையை மறுபடி கட்டினாள். யாரும் எதிர்பாராத நேரத்தில் அதை நீல பீப்பாயில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கித் தராசில் மாட்டினாள். இரண்டு கிலோ எண்ணூறு.

"அய்யய்யோ சாமி! போன பிறவிக் கடன் திரும்பி வந்திருச்சே! பீப்பாய்க்குள்ளயா ஒளிஞ்சிருந்திச்சு?" சட்டென்று திரும்பினாள். "கணக்கப்பிள்ளை ஐயா, இருவது வருசமா நிறுக்கிறீங்க. நீங்களே சொல்லுங்க, இது என்னாங்க?"

சின்னத்தம்பியின் கை தானாகப் போனது. பழகிய கையல்லவா, மூட்டையை ஒரு அமுக்கு அமுக்கியது. பழகிய வாயும் சும்மா இருக்கவில்லை.

"தண்ணிக் கழிவு அரைக் கிலோ."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்குக் கம்பியில் தொங்கிய மூட்டையைப் பிடுங்கிப் பீப்பாயில் முக்கினார்கள். கரைந்த கடனெல்லாம் கிராம் பிசகாமல் திரும்பி வந்தது. சாமி பின்கதவால் நழுவினார். அங்கே மண்டபத்து முதலாளி அவர் காவி வேட்டியைக் கொத்தாகப் பிடித்தார். "குலிய கோ, சாமி?" என்று சிங்களத்தில் வாடகை கேட்டார். ஊரார் கடனை இறக்கியவர் மூன்று மாசமாக மண்டபத்துக்கு வாடகை கட்டவில்லை.

ஜீவராணி கணவர் கையிலிருந்த பணப்பையையும் பால்மா டின்னையும் வாங்கிக்கொண்டாள். முன்கூட்டியே நாகலெட்சுமியிடம் போய், இந்த மூட்டை எப்படி மெலிகிறது என்று கேட்டவளே அவள்தான். "என் கொழுந்தையே நம்பாத மனுசன் என் பேச்சை நம்புவாரா? நேர்லயே காட்டிருவோம்" என்று அன்று சொல்லியிருந்தாள் நாகலெட்சுமி.

மறுநாளே ஒன்றரை லட்சமும் பினான்ஸில் அசலோடு கட்டப்பட்டது. புத்தகத்தில் கடன் மெய்யாகவே மெலிந்தது. வாசல் மண் வாசலிலேயே கிடந்தது. ஏப்ரலில் திருகோணமலையும் போனார்கள். எடைக்கூலியில் போன காசால் இரண்டு நாள் பயணம் ஒரு நாளாகக் குறைந்தது. ஜீவராணி முழங்கால் தண்ணீரில் நின்று, "இவ்வளவு தண்ணியா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். சின்னத்தம்பிக்கு அந்தச் சொல் எங்கோ குத்தியது.

ஊர் திரும்பி மலைக்குப் போனார். சுள்ளென்று வெயில். நாகலெட்சுமி பையை மாட்டினாள். அமுக்கியும் பார்க்காமல், "தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ" என்றார் பழக்கத்தில்.

"மூணு நாளா மழையே இல்லைங்களே ஐயா. பிழிஞ்சு காட்டுங்க."

பின்னால் நின்ற நாற்பது பெண்களும் பையை இறக்கி வைத்தார்கள். "பிழிஞ்சு காட்டுங்க!"

சின்னத்தம்பி ஒரு கைப்பிடி கொழுந்தை எடுத்துப் பிழிந்தார். ஒரு சொட்டு விழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழு எடையையும் எழுதினார்.

தராசு பொய் சொல்லாதுதான் ஐயா. அதைப் பிடிக்கிறவன் சாமியானாலும் கணக்கப்பிள்ளையானாலும், கும்பிடு போடுவதற்கு முந்தி மூட்டையை ஒரு தடவை பிழிந்து பாருங்கள். கை இருப்பது கும்பிட மட்டும் இல்லை.