அப்பாவின் கல்லீரலும் சித்தியின் எலிகளும்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை ஒளிக்காமல், கூட்டாமல், உள்ளபடியே எழுதப் போகிறேன். அம்மா அழுததையும் அப்பா கத்தியதையும்கூட விடமாட்டேன். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எலிகளைப் பற்றித்தான் அப்படி நம்ப முடியவில்லை.

அப்பாவின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, கல்லீரலும் கெட ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை என்பதால், மாஸ்க் இல்லாமல் உலைப் பக்கம் போகக்கூடாது, குளித்து உடை மாற்றாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்றார். அப்பாவும் பயந்துபோய் அப்படியே செய்தார். அந்த நேரம் பார்த்து நீங்கள் போனில், உங்கள் ஆய்வகத்தில் கீழாநெல்லிச் சாறு குடித்த எலிகளுக்கு ஈயம் கொடுத்தும் கல்லீரல் அவ்வளவாகக் கெடவில்லை என்றீர்கள். "இது எலிக்குத்தான் அத்தான், மனுஷங்களுக்கு இன்னும் தெரியாது" என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டது நான் மட்டும்தான். அப்பா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு செடி தேடப் போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டு வாளியிலும் பெயின்ட் டப்பாவிலும் தண்ணீர் கிடையாது, மண்ணும் கீழாநெல்லியும்தான். அம்மா அதை அரைத்து, சுண்டக் காய்ச்சி, கசப்புத் தெரியாமலிருக்க எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். சாறு காவல் இருக்கும்போது மாஸ்க் எதற்கு? அது ஸ்கூட்டர் கைப்பிடியில் குருவிக்கூடு மாதிரித் தொங்கியது.

"மாஸ்க் போடுங்கப்பா."

"எலி மாஸ்க் போட்டுச்சாடி?"

"எலி பட்டறைக்குப் போகலையேப்பா."

"அதத்தான் சொல்றேன். வேலைக்கே போகாத எலிகிட்ட இப்படி வேலை செய்யுதுன்னா, உழைக்கிற மனுஷன்கிட்ட செய்யாதா?"

"கல்லீரல் நல்லா இருக்குன்னு சித்தி எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? எலிய அறுத்துப் பாத்து!"

டம்ளர் வாயருகே நின்றது. பிறகு, "நல்லவேளை, நான் உன் சித்தி கையில மாட்டல" என்று ஒரே மடக்காகக் குடித்துவிட்டார்.

நேற்று இரண்டாவது ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. ஈயம் குறையவில்லை சித்தி, ஏறியிருக்கிறது. இப்படியே போனால் கல்லீரல் தாங்காது என்றார் டாக்டர். "அவங்க மெஷின்ல கோளாறு" என்று அப்பா வீடு அதிரக் கத்தினார். அம்மா கத்தவில்லை. அடுப்பைப் பார்த்து நின்று அழுதுகொண்டே இன்னும் ஒரு கைப்பிடி இலையைச் சேர்த்து அரைத்தாள். அப்பாவுக்குத் துணையாகத் தானும் குடிக்கிறாள், எனக்கும் ஒரு மடக்கு. ஆகவே நீங்கள் உடனே போன் செய்து, மாஸ்க் போட்டால்தான் சாறு பலிக்கும் என்று ஒரு பொய்யாவது சொல்லுங்கள். குற்றம் முழுக்க அந்த மாஸ்க் போடாததில்தான். சாற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். மிச்சமிருக்கும் எலிகளுக்கு என் ஆழ்ந்த அன்பு.

இப்படிக்கு,
வாய் இன்னும் கசக்கும்
உங்கள் அக்கா மகள்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, சாறு காய்ச்சும் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன். உள்ளே, அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டுப் பளபளத்தது.

"இது என்னப்பா?"

"ஓட்டை விழுந்திருந்துச்சு. உங்கம்மா தூக்கிப் போடப் பாத்தா. நான்தான் பட்டறையில வச்சு அடைச்சேன்."

"எத வச்சு?"

அப்பா பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எலுமிச்சைப் புளிப்பில் அந்த ஒட்டின் ஓரமெல்லாம் அரித்துப் போயிருந்தது. அம்மா என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாற்றைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள் சித்தி. அப்பா ஸ்கூட்டரிலிருந்து மாஸ்க்கை எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறார். "காலையில மூணு பேரும் ரத்தம் குடுக்கப் போறோம். மொதல்ல இவளுக்கு எடுக்கச் சொல்லணும்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.